சாயத்துக்கு முந்திய நாள்: பருத்தித் துணியை வீட்டில் தயார்செய்வது எப்படி?

கட்டிச் சாயமிட்ட சட்டை முதல் சலவையிலேயே வெளுத்துப்போனால் திட்டு வாங்குவது சாயப் பைக்கற்தான். மலிவுச் சாயம், பழைய சாயம், கலப்படச் சாயம் என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை கூடுதல் விலைக்கு வேறொன்றை வாங்குகிறோம். அதுவும் வெளுக்கிறது.

மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே ரீசேர்ட், சோல், தலையணை உறை என்று கட்டிச் சாயமிட்டு விற்கும் பெண்கள் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்கள் சொன்ன தோல்விக் கதைகளில் பெரும்பாலானவை சாயத்தைக் கரைப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. துணியில் கஞ்சி இருந்திருக்கும். அல்லது துணி முழுப் பருத்தியாக இருந்திராது. அல்லது அலசிய கிணற்றுத் தண்ணீர் கடினமானதாக இருந்திருக்கும். இவற்றில் எதையும் சாயம் சரிசெய்யாது.

2020 ஓகஸ்டில் பத்திக், கைத்தறித் துணிகளுக்கென்றே ஓர் இராஜாங்க அமைச்சு உருவாக்கப்பட்டது. துணிக்குச் சாயமிடுவது வீட்டுத் தொழிலாக முடியும் என்ற பேச்சு அப்போது ஊரெங்கும் இருந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அது பலருக்குப் பேச்சாக இல்லை, தேவையாகிவிட்டது. ஆனால் நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில் முடிச்சுக் கட்டும் முறைகளுக்கு அரைநாள் ஒதுக்குகிறார்கள்; துணியைத் தயார்செய்வதற்கு “நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்” என்ற ஒரு வரி. அந்த ஒரு வரியை விரித்து எழுதுவதே இந்தக் கட்டுரையின் வேலை. பாதி நாள் வேலை அது. பெரும்பாலும் சாயமிடுவதற்கு முதல்நாள் செய்யவேண்டியது.

முதலில் துணி எது என்று தெரியவேண்டும்

கடையில் “கொட்டன்” என்று சொல்லித் தரும் துணி எல்லாம் பருத்தி அல்ல. வெள்ளைப் பாடசாலைச் சீருடைத் துணிகளிலும் மலிவான ரீசேர்ட்டுகளிலும் பொலியெஸ்டர் கலந்திருப்பது வழமை. பருத்திக்கான சாயம் பொலியெஸ்டர் இழையில் ஏறவே ஏறாது. பாதிக்குப் பாதி கலந்த துணியில் சிவப்பைப் போட்டால் இளஞ்சிவப்புத்தான் கிடைக்கும். அதைப் பார்த்துச் சாயத்தின் அளவைக் கூட்டுவதில் பயனில்லை.

சோதிப்பது எளிது. துணியின் ஓரத்திலிருந்து நெடுக்காக ஒரு நூலையும் குறுக்காக ஒரு நூலையும் உருவி எடுங்கள். பாவு ஒரு வகையாகவும் ஊடை வேறொரு வகையாகவும் நெய்த துணிகள் உண்டு. அதனால்தான் இரண்டும் வேண்டும். சிமிட்டியால் பிடித்து விளக்குத் தீயில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான கறுப்பு மணியாகத் திரளும். கலப்புத் துணியில் சாம்பலோடு அந்த மணியும் கையில் தட்டுப்படும். பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கட்டும்.

இந்தச் சோதனை ஒன்றை மட்டும் காட்டித்தராது. ரேயானும் பருத்தியைப் போலவே எரியும், ஏனென்றால் அதுவும் செலுலோசுதான். சாயமும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பருத்தி நனைந்தால் வலுக்கூடும். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். கீழே சொல்லப்போகும் அவித்தலையும் பிழிதலையும் மெல்லிய ரேயான் துணி தாங்காமல் போகலாம். ஓர் ஓரத்தை நனைத்து இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தைத்த ஆடை என்றால் தையல் நூலையும் பாருங்கள். அநேகமாக அது பொலியெஸ்டர். துணி நீலமாகும்போது தையல் வெள்ளையாகவே நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும். வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

துணிச் சுற்றில் “மெர்சரைஸ்ட்” என்று எழுதியிருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். 1844இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜோன் மெர்சர் என்பவர், பருத்தியைச் செறிந்த எரிசோடாக் கரைசலில் நனைத்தால் இழை வீங்கி உருண்டையாவதையும் சாயத்தைக் கூடுதலாக உறிஞ்சுவதையும் கண்டார். அவர் பெயரில் வந்த சொல் அது. அதே அளவு சாயத்தில் அந்தத் துணியில் நிறம் ஒரு படி ஆழமாக இருக்கும். வீட்டில் செய்துபார்க்கக்கூடிய வேலையல்ல. எரிசோடா தோலைத் தின்றுவிடும்.

கஞ்சி எங்கிருந்து வந்தது?

மருதமுனையில் தறி ஓடும் வீடுகளின் பக்கம் போனவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தறியில் பாவு நூல் ஓயாமல் உரசுப்படும். வெறும் நூலாக விட்டால் பஞ்சு கிளம்பி அறுந்துவிடும். அதனால் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். ஆலைகளில் மாப்பொருளோடு செயற்கைப் பசைகளும் சேரும். புதுத் துணி மொரமொரவென்று நிற்பதற்கு இதுவே காரணம். நாம் அதை “நல்ல கனமான துணி” என்று நினைத்து வாங்குகிறோம்.

சாயத்துக்கு இந்தக் கஞ்சி இரண்டு விதத்தில் கேடு. ஒன்று, தண்ணீர் இழைக்குள் போவதைத் தடுத்துத் திட்டுத்திட்டாக நிறம் ஏறச் செய்யும். மற்றது அதைவிட மோசம். மாப்பொருளும் செலுலோசும் வேதியியலில் நெருங்கிய உறவு. செலுலோசோடு பிணையவேண்டிய சாயம் கஞ்சியோடு பிணைந்துகொள்ளும். அன்றைக்குப் பார்க்க நிறம் அருமையாக இருக்கும். மூன்று சலவையில் கஞ்சி கரைந்து போகும்போது நிறமும் கூடவே போகும். “முதலில் நல்லாத்தான் பிடிச்சது, பிறகுதான் போனது” என்ற முறைப்பாட்டின் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

கஞ்சி இருக்கிறதா என்று பார்க்க, சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளையைக் கேளுங்கள். மருந்துக்கடையில் காயத்துக்கு வாங்கும் அயடீனைத் தண்ணீரில் கலந்து, துணியின் ஓரத்தில் ஒரு துளி வைத்தால் போதும். கருநீலமானால் மாப்பொருள் உண்டு. மஞ்சள் கலந்த பழுப்பாகவே நின்றால் இல்லை. செயற்கைப் பசையை இது முழுமையாகக் காட்டாது. ஆனால் அது பெரும்பாலும் சுடுநீரில் கரைவது.

அகற்றுவதற்குப் பழைய வழி ஊறவைப்பதுதான். துணியை மூழ்கும்படி தண்ணீரில் போட்டு ஓர் இரவு விடுங்கள். நம் ஊர் வெக்கையில் கஞ்சி தானே புளிக்கத் தொடங்கும். நுண்ணுயிர்கள் மாப்பொருளைச் சீனியாக உடைத்துவிடும். காலையில் தண்ணீர் கலங்கி, கொஞ்சம் புளிப்பு மணம் வரும். அதுதான் அடையாளம். ஒரு நாளுக்கு மேல் விடவேண்டாம்; துணியில் பூஞ்சணப் புள்ளி விழுந்தால் எதனாலும் போகாது. கைத்தறித் துணிக்குக் கஞ்சி கூடுதலாக இருக்கும் என்பதால், தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஊறவைத்து, மறுபடி அயடீன் துளி வைத்துப் பார்க்கலாம்.

அவித்தல்

கஞ்சி போன பிறகும் பருத்தி சுத்தமாகிவிடவில்லை. பருத்தி இழையில் ஏறத்தாழ 90 வீதம் செலுலோசு. மிச்சத்தில் மெழுகும் பெக்டினும் புரதமும் உண்டு. செடிக்கு அந்த மெழுகு தேவை, மழையில் பஞ்சு நனையாமல் காக்க. நமக்கு அதுவே தடை. தறியில் பட்ட எண்ணெய், கடைக்காரரின் கைப்பிசுக்கு எல்லாம் அதற்கு மேலே.

இதற்குக் காரம் வேண்டும், சூடு வேண்டும். ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மட்டத்துக்குச் சலவைச் சோடாத் தூள், கொஞ்சம் சவர்க்காரத் தூள். துணி தாராளமாகப் புரளும்படி இடம் இருக்கவேண்டும்: ஒரு கிலோ உலர்ந்த துணிக்கு இருபது லீற்றர் என்பது நல்ல கணக்கு. கொதிக்கவிட்டு, பிறகு தீயைத் தணித்து ஒரு மணி நேரம் அவியுங்கள். இடைக்கிடை தடியால் புரட்டுங்கள். துணி மேலே மிதந்தால் மிதந்த இடம் அவியாது. பிறகு அந்த இடத்தில் நிறமும் ஏறாது. இறக்கும்போது தண்ணீர் பழுப்பாகத் தேத்தண்ணி போல இருக்கும். வெள்ளைவெளேரென்று தெரிந்த துணியிலிருந்து அது வருவதைப் பார்த்தால் இதை ஏன் செய்கிறோம் என்ற கேள்வி எழாது.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல். நம் வீடுகளில் பெரிய பானை என்றால் அலுமினியம்தான் இருக்கும். அதில் வைக்கவேண்டாம். சோடா அலுமினியத்தைத் தின்னும். பானை கறுக்கும், துணியில் சாம்பல்நிறக் கறை விழும். எந்தப் பாத்திரமானாலும் அது பிறகு சமையலுக்குத் திரும்பக்கூடாது.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. வெள்ளாவி என்ற சொல்லை மறந்திருக்க மாட்டீர்கள். உவர்மண்ணில் துணியை நனைத்து, பானைக்கு மேலே அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வைப்பது. உவர்மண்ணில் இருப்பதும் சோடியம் காபனேற்றுத்தான். அதாவது சலவைச் சோடா. எவ்வளவு மண், எவ்வளவு நேரம், எந்தத் துணி தாங்கும் என்ற கணக்கைக் கட்டாடியார் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்தன. கோயிலில் வெள்ளை கட்டுவதற்கு அவர்களைக் கூப்பிட்ட ஊர், அந்தக் கணக்கை எழுதிவைக்க நினைக்கவில்லை. இன்று அதையே சோடா அஷ் என்று பைக்கற்றில் வாங்கி, இணையத்தில் அளவு தேடுகிறோம்.

விறகும் காஸும் இருக்கிற விலைக்கு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க முடியாது என்பவர்கள், கொதிநீரில் சோடாவைக் கரைத்துத் துணியை அமிழ்த்தி, மூடியுள்ள கறுப்பு வாளியில் நாள் முழுக்க வெயிலில் வைக்கலாம். அவித்த அளவுக்கு வராது. ஏற்கெனவே பல முறை உடுத்துத் துவைத்த பழைய பருத்திக்கு அது போதும். பழைய வேட்டியும் பழைய சீலையும் சாயமிடப் பழகுபவர்களுக்கு மிக நல்ல துணி என்பதற்கு இதுவும் காரணம்: கஞ்சியும் மெழுகும் எப்போதோ போய்விட்டன, சுருங்கவேண்டியதும் சுருங்கிவிட்டது.

அவித்த துணி தயாரா என்று பார்க்க, காயவைத்த துணியின் மேல் ஒரு துளி தண்ணீரை விடுங்கள். விட்டவுடனே உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. ஆடை ஆய்வுகூடங்களில் செய்யும் சோதனையும் கிட்டத்தட்ட இதுவே. துளியின் பளபளப்பு ஐந்து விநாடிக்குள் மறையவேண்டும் என்பது அங்கே பொதுவான அளவு. துளி முத்துப்போல உருண்டு நின்றால் இன்னொரு முறை அடுப்பேற்றவேண்டியதுதான். ஓர் இடத்தில் மட்டும் பார்க்காமல் நடுவிலும் ஓரத்திலும் மடிப்பிலும் பாருங்கள்.

இதுவரை செய்ததை ஒரே நொடியில் கெடுப்பது துணி மென்மையாக்கும் திரவம். கடைசி அலசலில் வாசத்துக்காகச் சிலர் ஊற்றுகிறார்கள். அது இழைமேல் மறுபடி ஒரு கொழுப்புப் படலத்தை ஏற்றும். கஞ்சியும் நீலமும் அப்படியே, சாயத்துக்கு முன் வேண்டாம்.

எங்கள் தண்ணீர்

இணையத்தில் கிடைக்கும் எந்தக் குறிப்பும் மட்டக்களப்பின் கிணறுகளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரை மணல் நிலம். அங்கே கிணறு ஆழமில்லை. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, அதைத்தான் அள்ளுகிறோம். மாரியில் அந்தப் படை தடிப்பாக இருக்கும், தண்ணீர் இனிக்கும். கச்சான் வீசும் மாதங்களில் படை மெலிந்து உவர் ஏறும். ஒரே கிணறு, ஒரே வாளி. தைப்பொங்கலுக்கு ஒரு தண்ணீர், ஆடியில் வேறொரு தண்ணீர். “போன முறை இதே அளவுதான் போட்டேன், அப்போ நல்லா வந்தது” என்று கல்லடியில் ஓர் அக்கா என்னிடம் சொன்னபோது, போன முறை எந்த மாதம் என்றுதான் கேட்டேன். மார்கழி என்றார்.

இதில் உப்பு மட்டும் பெரிய எதிரியல்ல. தொட்டியில் அமிழ்த்திச் சாயமிடும்போது சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்கு நாமே உப்புப் போடுகிறோம். தொல்லை தருவது உவரோடு கூட வரும் கல்சியமும் மக்னீசியமும். சோடாவைப் போட்டவுடன் அவை வெள்ளைத் துகளாகப் படிந்து இழைகளுக்குள் உட்காரும். சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுபிசுத்த அழுக்காகத் திரளும். அந்தப் படிவின்மேல் நிறம் மங்கும், புள்ளி விழும். போட்ட சோடாவில் ஒரு பங்கும் வீணாகும்.

உங்கள் கிணறு எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு போத்தல் போதும். பாதியளவு கிணற்றுநீர் எடுத்து, கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். நுரை நிறைந்து நின்றால் மென்னீர். நுரையே வராமல் தயிர்போலத் திரிந்தால் கடினநீர். மழைநீரிலும் இதையே செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் இராது. சவர்க்காரத் தூளில் இதைச் செய்யவேண்டாம். அது கடினநீரிலும் நுரைக்கும்.

கிணறு கடினமாக இருந்தால் முழு வேலைக்கும் வேறு தண்ணீர் தேடவேண்டியதில்லை. முதல்நாள் ஊறவைக்கவும் முதலாவது அலசலுக்கும் கிணற்றுநீர் பரவாயில்லை. அவிப்பதற்கும், கடைசி அலசலுக்கும், சோடாக் குளியலுக்கும், சாயம் கரைப்பதற்கும் மட்டும் மென்னீரை ஒதுக்குங்கள். கூரையில் பிடித்த மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. அடுத்தது உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரித்து வரும் குழாய்நீர். ஆற்று, குளத்து நீர் பொதுவாக உவர்க்கிணற்றை விட மென்மையானது.

குழாய்நீரில் குளோரின் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போடும் வெளிற்றும் தூளும் அதுதான். பருத்தியோடு பிணையும் சாயங்கள் பல குளோரினைத் தாங்காது. வெள்ளத்துக்குப் பிந்திய கிழமைகளில் சாயம் கரைக்கவேண்டியிருந்தால், அகன்ற வாய்ப் பாத்திரத்தில் தண்ணீரை ஒருநாள் திறந்துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கறை போக்கக் குளோரின் திரவத்தில் போட்ட துணியையும் மிகக் கவனமாக அலசவேண்டும்.

சில கிணறுகளில் இரும்பு இருக்கும். அள்ளியபோது தெளிந்த நீர் சற்று நேரத்தில் செம்மஞ்சளாகும், வாளியின் உட்புறம் காவி படியும். இந்தத் தண்ணீர் இயற்கைச் சாயம் போடுபவர்களுக்கு ஆகவே ஆகாது. ஏன் என்று கீழே வருகிறது.

சோடாக் குளியல்

இது எல்லாச் சாயத்துக்கும் பொதுவானதல்ல. கடையில் கிடைக்கும் சிறு பைக்கற் சாயங்கள் சில, உப்புப் போட்டுக் கொதிக்கவைக்கும் வகை. அவற்றுக்குச் சோடாக் குளியல் தேவையில்லை. அவித்து அலசிய ஈரத்துணியே போதும். குளிர்ந்த தண்ணீரில் கரைத்துப் போத்தலால் பீச்சும் சாயங்கள்தான் சோடாவை எதிர்பார்ப்பவை. 1954இல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் ரட்டீ, ஸ்டீபன் என்ற இருவர், காரச் சூழலில் சாய மூலக்கூறு செலுலோசோடு நேரடியாகப் பிணைவதைக் கண்டறிந்தார்கள். 1956இல் அது புரோசியன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வீட்டில் அடுப்பில்லாமல் சாயமிட முடிவது அதனால்தான். காரம் இல்லாவிட்டால் அந்தச் சாயம் வெறும் நிறத்தண்ணீர்; அலசும்போது முழுக்க ஓடிவிடும்.

அளவு: வெதுவெதுப்பான மென்னீர் ஒரு லீற்றருக்கு 50 கிராம் அளவில் சோடா அஷ். தூளைத் தண்ணீரில் தூவிக்கொண்டே கலக்குங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் கல்லாகிவிடும். துணியை 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்து, சொட்டாத அளவுக்கு இறுகப் பிழிந்து எடுங்கள். அலசக்கூடாது. கையுறை கட்டாயம். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரால் நீண்ட நேரம் கழுவவேண்டும். பிள்ளைகள் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் வாளியில் இதைக் கலக்கி வைக்கவேண்டாம்.

சோடாவை வாங்கும்போது இரண்டு இடத்தில் குழப்பம் வருகிறது. ஒன்று அப்பச்சோடா. அது சோடியம் இருகாபனேற்று. காரம் மிகக் குறைவு, இந்த வேலைக்குப் போதாது. வேறு வழியில்லையென்றால் அதை வெறும் சட்டியில் நன்றாக வறுத்தால் நீரும் காபனீரொட்சைட்டும் நீங்கிச் சலவைச் சோடாவாகும். 100 கிராம் போட்டால் 63 கிராம்தான் மிஞ்சும். விலையைக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கட்டாது. மற்றது பளிங்குச் சோடா. கண்ணாடிக் கல்போல இருக்கும் அதில் பெரும்பங்கு தண்ணீர். உண்மையான சோடா 37 வீதம்தான். 50 கிராம் தூளுக்குப் பதில் பளிங்கு என்றால் 135 கிராம் வேண்டும். ஒரே கரண்டிக் கணக்கை இரண்டுக்கும் வைத்தவர்கள் நிறம் வெளிறிவிட்டதென்று சொல்வதில் வியப்பில்லை.

பீச்சிச் சாயமிடுவதென்றால் துணி ஈரமாக, ஆனால் சொட்டாமல் இருக்கவேண்டும். தண்ணீர் மிஞ்சினால் ஒரு நிறம் மற்றதுக்குள் ஓடி எல்லாம் மண்நிறமாகும். தொட்டியில் அமிழ்த்துவதென்றால் முடிச்சுப் போட்ட பொதியை முழுக்க நனைத்துவிட்டே அமிழ்த்துங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த இழை, கட்டுக்கு அடியில் சாயத்தை எளிதில் உள்ளே விடாது. வெள்ளை வெள்ளையாக நிற்கும். சாயத்தின் அளவை உலர்ந்த துணியின் எடையை வைத்துத்தான் கணக்கிடவேண்டும் என்பதால், நனைப்பதற்கு முன்னரே நிறுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நம் வெப்பம் இங்கே நமக்கு உதவி. குளிர்நாடுகளில் சாயப் பொதியைச் சூடாக வைத்திருக்க மின்போர்வை தேடுகிறார்கள். நமக்கு நிழலே போதும். ஆனால் கச்சான் காற்றில் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் பிணைப்பு நின்றுவிடும். பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

கடுக்காயும் படிகாரமும்

இயற்கைச் சாயம் என்றால் தயார்செய்தலே வேலையின் பெரும்பகுதி. பட்டும் கம்பளியும் தாவரச் சாயத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும்; பருத்தி பிடிக்காது. நடுவில் ஒரு பிடிமானம் வேண்டும். 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் கடுக்காய்த் தூளைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்து, அதில் துணியைச் சில மணி நேரம் அல்லது ஓர் இரவு வைக்கவேண்டும். பிழிந்து, அலசாமல் காயவிட்டு, பிறகு 15 கிராம் அளவு படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். கடுக்காயின் துவர்ப்பு இழையைப் பிடிக்கிறது, படிகாரம் துவர்ப்பைப் பிடிக்கிறது, சாயம் படிகாரத்தைப் பிடிக்கிறது. தண்ணீரில் இரும்பு இருந்தால் அது படிகாரத்துக்கு முந்திக்கொண்டு கடுக்காயோடு சேர்ந்து துணியைச் சாம்பல்நிறமாக்கிவிடும். கறுப்பு மை செய்த பழைய முறையும் அதுவே.

சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணிகளுக்குக் கடுக்காயோடு எருமைப் பாலும் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு, வரைந்த கோடு பரவாமல் தடுக்கிறது. மட்டக்களப்பில் எருமைப் பாலுக்குக் குறைவில்லை. தயிர்ச் சட்டிக்குப் போவதை விட்டுத் துணிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வருமா என்பது வேறு கதை.

சிவப்புக்கு அந்த நாளில் சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் நிலங்களில் அதைத் தோண்டுவித்து, அந்த வணிகத்தை ஒல்லாந்தர் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். கட்டிச் சாயமிடுதலில் தமிழுலகின் பெயர்பெற்ற துணி மதுரைச் சுங்குடி. சௌராட்டிர மக்கள் நூலால் நுண்ணிய முடிச்சுகளை ஆயிரக்கணக்கில் போட்டுச் செய்தது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பல அச்சிட்டவை.

மஞ்சள் தடவிச் சாயமிடுபவர்களுக்கு ஒரு சொல். அது வெயிலில் நிற்காது, எத்தனை படிகாரம் போட்டாலும். விற்கும் துணிக்கு அதை நம்பவேண்டாம். ஆனால் மஞ்சள் இன்னொரு வேலைக்கு மிக நல்லது. கடதாசித் துண்டொன்றில் மஞ்சள் கரைசல் தடவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். அவித்த துணியைக் கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு துளி அதன்மேல் விட, சிவந்தால் துணியில் இன்னும் காரம் இருக்கிறது. இயற்கைச் சாயத்துக்குப் போகும் துணி சிவக்காத வரைக்கும் அலசப்படவேண்டும். மிச்சமுள்ள சோடா படிகாரத்தைத் திரித்துவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

பயிற்சிகளில் யாரும் கேட்காத கேள்வி இது. எழுவான்கரையில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே சிறு வளவுக்குள் இருக்கின்றன. மணல் எதையும் பிடித்துவைக்காது. முற்றத்தில் ஊற்றும் சோடாத் தண்ணீர் சில நாளில் நம் கிணற்றுக்கே வரும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் வரும். வாவியோரத்தில் இருப்பவர்கள் வாவிக்குள் ஊற்றுகிறார்கள். ஒரு வீட்டின் ஒரு வாளி ஒன்றும் செய்யாது. ஒரு கிராமத்தில் இருபது வீடு இதைத் தொழிலாக்கினால், இறால் குஞ்சு பொரிக்கும் ஆழமற்ற ஓரங்களுக்குத்தான் அது போகும்.

குறைக்க முடியும். சோடாக் குளியலை ஒவ்வொரு முறையும் ஊற்றத் தேவையில்லை. மூடிவைத்தால் கெடாது, குறைந்த அளவை நிரப்பிக்கொண்டு பல துணிகளுக்குப் பாவிக்கலாம். அது பழசானதும் அடுத்த துணியை அவிப்பதற்குத் தண்ணீரோடு கலந்துகொள்ளலாம். கடைசி அலசல் நீர் அடுத்த துணியின் முதல் ஊறலுக்கு. மிஞ்சுவதை ஆறவைத்து, கிணற்றிலிருந்து மலசலகூடக் குழிக்குச் சொல்லும் தூரமாவது தள்ளி ஊற்றவேண்டும். மரக்கறிப் பாத்திக்கும் தென்னையடிக்கும் வேண்டாம். சோடியம் மண்ணை இறுக்கிவிடும். கஞ்சி ஊறிய முதல் தண்ணீரில் சோடா இல்லாததால் அதை மட்டும் மரத்துக்கு ஊற்றலாம்.

அவித்து, அலசி, துளி சோதித்த துணியை நன்றாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். அதனால் தொழிலாகச் செய்பவர்கள் ஒவ்வொரு ஓடருக்கும் அடுப்பேற்றத் தேவையில்லை. ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் மழைநீரைத் தாங்கியில் சேர்த்துக்கொண்டு, பங்குனி, சித்திரை வெயிலில் மொத்தமாக அவித்துக் காயவைத்து அடுக்கிவிடலாம். மாரியில் அவித்தால் துணி காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். சோடாவில் நனைத்துக் காயவைத்த துணியையும் இப்படி வைக்கலாம். ஆனால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, கருகிவிடும். இரண்டு அடுக்கையும் கலக்காமல் சோடா போட்டதற்கு ஒரு நூலடையாளம் கட்டிவையுங்கள். மடித்துவைத்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை.